மே மாதத்து லீக்ஸ்

19 பிப்ரவரி 2017, ஞாயிறு

இன்று இத்தாலி போகும் பார்சல் வேனில் ஐந்தாவது கட்டு போனது. என் மனைவி ஸ்மரந்தா அங்கே வேலைக்குப் போய் ஐந்து மாதம். ஒரு பணக்காரக் கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முப்பத்தொரு வருடம் எனக்குச் செய்த வேலைதான். இப்போது சம்பளம் கிடைக்கிறது, அவ்வளவே.

போகும்போது அவள் போட்ட உத்தரவு ஒன்றே ஒன்று. மாதம் ஒரு கட்டு லீக்ஸ், நம் தோட்டத்து லீக்ஸ், பன்னிரண்டு மாதமும் வர வேண்டும். எங்கள் ஒல்தேனியா வட்டாரத்துக்காரர்களை நாடு முழுக்க லீக்ஸைச் சொல்லித்தான் கேலி செய்வார்கள். வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. கிழங்கு வைக்கத் தெரியாது, இடுப்பு உயரத்துக்கு நீளத் தெரியும். என்னைப் போலத்தான்.

இதுவரை போனதெல்லாம் அவள் நட்டது. பிடுங்கிக் கட்டியது மட்டும் நான். போனில் என்னவோ நானே பெற்று வளர்த்ததுபோல் அளக்கிறேன். இன்று என் பங்குக்கு ஒரு பெட்டியில் விதை தூவி ஜன்னலோரம் வைத்தேன். ரயில்வேயில் காலமெல்லாம் சிக்னல் காட்டியவனுக்கு இது ஒரு வித்தையா?

11 மார்ச்

வேலியோரம் ஒரு நீள வரிசைக்குப் புல் மண்டியிருந்தது. கொத்தி எறிந்தேன். தோட்டம் இப்போது ராணுவ முகாம்போல் இருக்கிறது. பார்த்தால் ஸ்மரந்தா வாயடைத்துப் போவாள்.

12 மே

மிச்சமிருந்த லீக்ஸ் எல்லாம் பூத்தண்டு விட்டுவிட்டது. உரித்தால் நடுவில் விறகு. பெட்டியில் விதைத்தது இன்னும் நூல்போல நிற்கிறது, ஜூலைக்கு முன் வாயில் வைக்க முடியாது.

பக்கத்து வீட்டு ஃபனேவிடம் புலம்பினேன். அவன் அவசரமே இல்லாமல் சொன்னான்: "வேலியோரம் இருந்தது மே மாசத்துக்குன்னே ஸ்மரந்தா ஆகஸ்ட்ல விதைச்சதுப்பா. நீ கொத்துனப்ப, என்னமோ தெரிஞ்சு செய்யிறன்னு நெனச்சேன்."

தெரிந்து செய்கிறேனாம். என்னை இத்தனை வருடமாகப் பார்க்கிறவன் இப்படி நினைக்கலாமா?

14 மே, ஞாயிறு

காலையிலேயே க்ரயோவா நகரத்துக்குப் போய், பெரிய கடையில் மூன்று கட்டு வாங்கினேன். லேபிளைக் கிழித்தேன். ரப்பர் பட்டையைக் கழற்றினேன். நம் தோட்டத்து மண்ணைக் குழைத்து வேரில் பூசினேன். வேன் டிரைவர் வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த வருடம் நன்றாகத் தடித்திருக்கிறதே என்றார். நன்றி சொல்லிக்கொண்டேன். வெட்கமா? துளிகூட இல்லை.

17 மே

போன் வந்தது.

"மண்ணு நம்மூருது. லீக்ஸ் இந்த ஊருது. எங்க தெருமுனைக் கடையில இதேதான் விக்கிது, மனுசா."

கிழித்த லேபிளில் இத்தாலி என்றுதான் போட்டிருக்குமாம். நான் கிழித்தேனே தவிரப் படிக்கவில்லை. இங்கே வந்ததை நான் இரண்டு நாள் பயணத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கொல்லன் தெருவில் ஊசி விற்றவன்கூட ஊசிக்கு மண் பூசியிருக்க மாட்டான்.

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"இல்லேன்னா இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே? செப்டம்பர்ல இங்க கெடு முடியுது. வரலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன். எதுக்கு வரணும்? மறுபடியும் உன்னை நம்பிக்கிட்டு ஒக்காரவா?"

வைத்துவிட்டாள்.

2 ஜூன்

போன் இல்லை.

9 ஜூன்

இல்லை. அவளுக்கு என்ன, இத்தாலி வெயில், கிழவி, ஆலிவ் எண்ணெய்.

நான் ஒரு முட்டாள்.

20 ஆகஸ்ட்

இன்னும் ஒரு வருடம் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். குரல் மரியாதையாக இருந்தது. அவள் மரியாதையாகப் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

வேலியோரம் விதைத்தேன். இரண்டு முனையிலும் குச்சி நட்டு "புல் அல்ல" என்று எழுதி வைத்தேன். ஃபனே படித்துவிட்டு, இது கோழிகளுக்கா உனக்கா என்று கேட்டான்.

10 டிசம்பர்

மண் இறுகிவிட்டது. கடப்பாரை போட்டு நெம்பி ஒரு கட்டு எடுத்தேன், ஐந்து உடைந்தது, ஒரு விரல் நசுங்கியது. ஜூலையிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறவில்லை. இனி பனிக்கு முன்னாலேயே பாதியைப் பிடுங்கி நிலவறை மணலில் புதைத்து வைக்க வேண்டும். இதையெல்லாம் ஐம்பத்தெட்டு வயதில் கண்டுபிடிக்கிற மேதை நான்.

13 மே 2018, ஞாயிறு

மே மாதத்துக் கட்டு போனது. கட்டைவிரல் தடிமன்கூட இல்லை, ஆனால் பச்சைப்பசேல் என்று, கடித்தால் நீர் தெறிக்கிற இளசு. சொந்தச் சரக்கு. டிரைவர் ஏன் இப்படி மெலிந்துவிட்டது என்று துக்கம் விசாரித்தார். அவருக்கென்ன தெரியும்.

16 மே

கிழவிக்கும் கொடுத்தாளாம், இருவரும் ரொட்டியும் உப்பும் தொட்டுப் பச்சையாகவே தின்று தீர்த்தார்களாம். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்துக் கேட்டேன்.

பிறகு சொன்னாள்: "நீ இவ்வளவு நல்லா பாத்துக்கிறியே, எனக்கு இனிமே கவலையே இல்ல. இவங்க மக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. சரின்னு சொல்லிரலாம்னு பாக்குறேன்."

அருமை என்றேன். ரொம்ப நல்லது என்றேன். பாத்தியில் போய் உட்கார்ந்தேன். என்னத்துக்குடா இவ்ளோ பாடுபட்ட? அவ வரணும்னுதானே. இப்ப பாரு, நீயே அவள வழியனுப்பி வச்சிட்ட. விவசாயியாம், விவசாயி.

3 ஜூன், ஞாயிறு

வேனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. லீக்ஸ் இருக்கிறது, வேண்டிய அளவு இருக்கிறது. கொடுக்கவில்லை.

5 ஜூன்

கட்டு ஏன் வரவில்லை என்று கேட்டாள். பூச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"இங்க எல்லாம் இருக்கு, ஸ்மரந்தா. எனக்குத்தான் தனியா இருக்க முடியல. வந்துரு."

அந்தப் பக்கம் கிழவியின் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள்.

"இதைச் சொல்ல உனக்கு ரெண்டு வருஷமா? மாசாமாசம் கட்டுக் கேட்டேனே, ஒரு தடவையாவது அதோட சேத்து இதையும் சொல்லுவன்னுதான் பாத்தேன்." மூக்கை உறிஞ்சினாள். மாற்று ஆள் கிடைக்கிற வரை கிழவியை விட்டுவர முடியாது என்றாள்.

வரேன் என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் பயந்தேன்.

8 ஜூலை, ஞாயிறு

வேனிலிருந்து மூன்று பெட்டி இறங்கியது. இந்த வெயிலில் கையில் கம்பளி மேலங்கியைச் சுமந்துகொண்டு அவளும் இறங்கினாள்.

முகம்கூடக் கழுவாமல் தோட்டத்துக்குப் போனாள். வரிசை கோணலாம், மண் அணைத்தது போதாதாம், சின்னக் குழந்தைகூட இதைவிட நன்றாக நட்டிருக்குமாம். எல்லாவற்றையும் அவளே திருத்தப்போகிறாளாம். எனக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. அதையும் பார்த்து ஊற்ற வேண்டுமாம்.