மைனாவின் தம்பி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? சனிக்கிழமை நீ நூலகத்தில் விட்டுப்போன குடை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மூன்று நாளாகக் கடிதம் எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

என் படப் புத்தகத்தில் வரும் திக்குவாய் மைனா யாரென்று உனக்குத் தெரியும். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" வராமல் நீ மேசையை விரலால் தட்டுவாயே, அதுதான் மைனா அலகால் கிளையைத் தட்டுவது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல்தான் வரைந்தேன். கடைசிப் பக்கத்தில் "நீ எப்படியோ அப்படியே அழகு" என்று கொட்டை எழுத்தில் போட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

சனிக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தை நான் வாசித்து முடித்ததும் நீ கேள்வி கேட்க எழுந்தாய். முதல் சொல்லிலேயே திக்கியது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்களை அடக்க வேண்டியவன் நான். அதை விட்டு, மைனாவுக்கு எப்படி வண்ணம் தீட்டினேன் என்று நீ கேட்பதாக நானே சொல்லி, நானே பதிலும் சொன்னேன். நீ உட்கார்ந்துவிட்டாய். நூலகர் அம்மா குனிந்து, அவர் யார் என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

கையில் மைக் அணையாமல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது உன் நாற்காலி காலி.

நான்கு பேர் முன்னால் நீ எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டாய். இதை நாசூக்காகச் சொல்ல வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

அத்தோடு முடியவில்லை. கையெழுத்து வாங்க வந்த, முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண், "மைனாவுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டாள். இல்லைம்மா என்றேன். அவள் படத்தைத் தடவிப் பார்த்து, பாவம் என்றாள். அதற்குப் பிறகு போட்ட கையெழுத்துகள் எல்லாம் கோணல்.

என் வீட்டுக்காரி சும்மா விட்டாளா என்று நினைப்பாய். அவள் திட்டவில்லை. இரண்டு நாளாக என்னோடு பேசவே இல்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை, அக்கா. நீயாக ஒருநாள் போன் செய். அன்று என்ன கேட்க வந்தாய் என்று சொல். திட்டினாலும் சரி. நீ சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவன்