வீடியோவுக்குக் கீழே ஒரு கேள்வி

ஜூன் 16, திங்கள்

விடியும்போதே சாரல். சேலை ஒன்றும் காயவில்லை. வடசேரிச் சந்தையில் வாங்க: சேனை, தேங்காய், சிவப்பு மைப் பேனா.

நேற்று என் சானலில் இருந்த வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்காக நான் பேசிப் போட்டது. எந்தத் தொடுதல் தப்பு, அப்படி நடந்தால் என்ன செய்யணும். வகுப்பில் அறிவியல் நடத்துகிற மாதிரியேதான், போர்டு முன்னால் நின்று. 'சிறுவர்களுக்குத் தகாதது, புகார் வந்துள்ளது' என்று ஒரு மெயில்.

வீடியோ போனால் போகட்டும். சனிக்கிழமை அதற்குக் கீழே ஒரு பிள்ளை கேட்டிருந்தது: "டீச்சர், வீட்டுல உள்ள ஆளா இருந்தா யாருட்ட சொல்லணும்?" ஞாயிறு பூசை முடிந்து வந்து நிதானமாகப் பதில் எழுதலாம் என்று இருந்துவிட்டேன். வந்து பார்த்தால் வீடியோவும் இல்லை, கேள்வியும் இல்லை. பெயர் பார்க்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்திப் படம், அவ்வளவுதான் ஞாபகம்.

ஜூன் 17, செவ்வாய்

எச்.எம். அம்மா கூப்பிட்டார். பெற்றோர் சிலர் சேர்ந்து மனு. பிள்ளைகளுக்குக் கெட்டதைச் சொல்லிக்கொடுக்கிறேனாம்.

"போக்சோவுல உங்க மேலயே கேஸ் குடுப்போம்ணு நிக்காங்க. இனி கிளாஸ்லயும் அதைப் பத்திப் பேசாண்டாம்."

அந்தக் கேள்வியைச் சொன்னேன். மனுவை மடித்து மேசைக்குள் வைத்தார்.

"நம்ம ஸ்கூல் பிள்ளைதான்ணு என்ன நிச்சயம்?"

"இல்லேண்ணு என்ன நிச்சயம், டீச்சர்?" என்றேன்.

போன வருஷம் ஒரு ஏழாம் வகுப்புப் பயல் போனில் பார்த்த கண்றாவி தெரிந்தபோது, சட்டம் போட்டு எல்லாத்தையும் அடைக்கணும் என்று ஸ்டாஃப் ரூமில் சத்தம் போட்டவள் நான். இப்பவும் சட்டம் வேணும்தான். ஆனால் எதை அடைக்கிறோம் என்று யாராவது உட்கார்ந்து பார்க்கவேண்டாமா?

ஆரல்வாய்மொழி காற்றாலை வேலை முடிந்து இவர் வந்ததும் சொன்னேன். "சானலே வேண்டாம் ஜெஸி, மூடிரு. வேலை போனா என்ன செய்வ?" பயத்தில் சொல்கிறார். எனக்கும் பயம்தான்.

ஜூன் 18, புதன்

அப்பீல் அனுப்பினேன். உடனே பதில், மெஷின் எழுதியது. குழந்தைகள் உதவி எண்ணுக்கும் போன். பேரும் ஊரும் இல்லாமல் எப்படித் தேடுவது என்று அங்கே பேசிய பெண் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

எட்டாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை. பாடத்தில் மனசு இல்லை. தலை குனிந்திருக்கிற பிள்ளையெல்லாம் அவளாகத் தெரிகிறது. ஒருத்தி கொட்டாவி விட்டாள், ராத்திரி தூங்கலியோ என்று எனக்கு வெப்ராளம், ஒரே பதற்றம்.

ஜூன் 19, வியாழன்

சொல்லிவிட்டேன். 8ஏ, 8பி, 7ஏ. மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால்.

"ஒரு பிள்ளை என்கிட்ட ஒண்ணு கேட்டா. வீட்டுல உள்ள ஆளா இருந்தாலும் சொல்லணும் மக்ளே. ஒரு ஆளு நம்பலேண்ணா இன்னொரு ஆளுட்ட. என்கிட்ட சொன்னா நான் நம்புவேன்."

பின்பெஞ்சில் சிரிப்பு. யாரும் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மெமோ வந்தாச்சு. திங்கட்கிழமைக்குள் விளக்கம். காற்றில் சைக்கிள் ஷெட் தகரம் பறந்தது.

கடைசி மணிக்குப் பிறகு லேப் வாசலில் 7ஏ பிள்ளை ஒருத்தி. பெயர் இங்கே வேண்டாம்.

"டீச்சர், அதைக் கேட்டது நான் இல்ல."

"சரி மக்ளே."

"எங்க வீட்டுல நல்ல போனே இல்ல. ஆனா..."

உட்காரவைத்தேன். மீதியை எழுதமாட்டேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு நேரே எச்.எம்.மிடம். கேட்டார், எழுந்து கதவைச் சாத்தினார், போனை எடுத்தார். யூனிபார்ம் இல்லாமல் ஒரு பெண் போலீஸ் வந்தது. குழந்தைகள் நலக்குழுவுக்கு ஆட்டோவில். பிள்ளைக்கு அந்தப் பக்கம் எச்.எம்., இந்தப் பக்கம் நான். என் சேலைத் தலைப்பை அவள் விடவே இல்லை. இனி அந்த வீட்டுக்குப் போகாண்டாம் என்று ஆயிற்று.

திரும்பி இறங்கும்போது கேட்டேன். "மெமோவுக்குப் பதில் எழுதணுமா டீச்சர்?"

"எழுதணும்" என்றார். பிறகு, "நானும் ஒண்ணு எழுதி அதோட வைக்கேன்."

ஜூன் 21, சனி

சாரல் விட்டிருக்கிறது. துணி துவைக்கணும். அப்பீல் தள்ளுபடி. செம்பருத்திப் படம் வைத்த பிள்ளை யார் என்று இனி தெரியப்போவதில்லை.

இன்னும் சொல்ல 7பி பாக்கி. 6ஏ, 6பி.