தெரியாது என்ற கட்டம்

உயிரோடிருந்தபோதும் பெயர் சொல்லிக் கூப்பிடாத, இப்போதும் சொல்ல வாய் வராத என் அன்பானவருக்கு,

நம் சின்னவள் மாலாவுக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்கள். பெரியவள் உமாவைக் கொண்டுபோன மார்பகப் புற்றுநோய்க்கு வழிவிடும் மாற்றம் இவளுக்கும் இருக்கிறதாம். நோய் இல்லை, பயப்படாதீர்கள். அம்மா வழியா, அப்பா வழியா என்று தெரிந்தால் அந்தப் பக்கத்து உறவினரை எச்சரிக்கலாம் என்றார் டாக்டர். நீங்கள் இல்லை; நான் இருக்கிறேன். ரத்தம் கொடுக்கப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பக்கம்தான் என்று எழுத்தில் வாங்கி வரத்தான் போனேன்.

அடையாறில் அந்த ஆலோசனை அறையில், ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு பெண் தாள் ஒன்றைக் கொடுத்தாள். பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: சரி, தவறு, தெரியாது.

“பரீட்சை இல்லைங்கம்மா. எது புரியலையோ அதை டெஸ்டுக்கு முன்னாடியே சொல்லிடணும், அதுக்குத்தான்.”

“மேடம், பாத்துத் திருத்துங்க,” என்றாள் மாலா. “அரை மார்க் கொறைஞ்சாலும் எங்கம்மா ஹெட்மிஸ்ட்ரஸைப் பாக்கணும்பாங்க.”

கான்வென்ட்டில் எந்தக் கேள்வியையும் நான் வெறுமையாக விட்டதில்லை. ஐந்தே நிமிடத்தில் முடித்தேன்.

“தெரியாதுன்னு ஒண்ணுகூடப் போடலையேம்மா?”

“தெரிஞ்சவ எதுக்குப் போடணும்?”

நான்கு தவறு. அதில் ஒன்றின் மேல் அவள் பேனா நின்றது. ‘நோயே வராத ஒருவர் அந்த மாற்றத்தைத் தன் பிள்ளைக்குத் தர முடியாது.’ நான் ‘சரி’ என்று அழுத்தி டிக் போட்டிருந்தேன்.

“இது தப்புங்கம்மா. சிலருக்கு மாற்றம் இருக்கும், கடைசிவரைக்கும் நோய் வராது. ஆனா பிள்ளைங்களுக்குப் போகலாம்.”

எழுபத்தெட்டு வயதில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். அதுதானே என் ஆதாரம்? அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தானே, உமா வார்டில் கிடந்தபோது, தாழ்வாரத்தில் இரண்டு வீட்டார் முன்னாலும் உங்களைக் கேட்டேன்: “உங்க அக்கா போனது போதாதுன்னு என் பொண்ணுக்கும் குடுத்துட்டீங்களே! எங்க வீட்ல யாருக்காவது இருக்கா?”

நீங்கள் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனீர்கள். எனக்குப் பிடித்தபடி சர்க்கரை குறைவாகவே வாங்கி வந்தீர்கள். அந்த வாரமே கூடத்திலிருந்த அக்காவின் படத்தை நீங்களே கழற்றி, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னேனா?

அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோய் வேறு வகை, இதோடு சம்பந்தமில்லை என்றாள் ஆலோசனை அறையில் அந்தப் பெண்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. மாற்றம் என்னிடம் இருக்கிறது.

“இது யார் தப்பும் இல்லம்மா,” என்றாள் மாலா. சரிதான். மரபணு என் தப்பில்லை. தாழ்வாரத்தில் பேசியது என் தப்பு. அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதனால்தான் இதையும் இரண்டு வீட்டாரும் படிக்கும்படி எழுதுகிறேன். அக்காவால்தான் வந்தது என்று நம்பிக்கொண்டேவா போனீர்கள்?

நேற்று ஆள் வைத்து அக்காவின் படத்தை இறக்கினேன். ஆணி அங்கேயேதான் இருந்தது. மாட்டிவிட்டேன். பக்கத்தில் உங்கள் படம்.

ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அவருக்கும் இரண்டு பெண்கள். ஆண்கள் வழியாகவும் வரும் என்பதை அந்தத் தாளில் சரியாகக் குறித்திருந்தேன். உங்களைக் குற்றம் சொல்ல அது வேண்டியிருந்ததே! எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது, போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்களிடம் என் வாயால் சொல்வேன். அவர்கள் கேட்பதற்கு எனக்குப் பதில் வராவிட்டால், தெரியாது என்றும் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மனைவி,
உமாவுக்கும் மாலாவுக்கும் அம்மா.