அறுபத்திரண்டு கிலோ ஸ்பிரிங்

கிள்ளான், 9.10.1986

அன்புள்ள ஹபீபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகள் சுகந்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா?

பந்திங் பக்கம் துணி விற்கப் போகிற என் பெரிய மோட்டார் சைக்கிள், பிரேக் பிடித்தால் முன்னால் குனிகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கெட்டியான ஸ்பிரிங் போட மெக்கானிக் சிவசம்புவிடம் போனேன்.

“அண்ணே, உங்க வெயிட் சொல்லுங்க. அதுக்கேத்த ஸ்பிரிங்தான் போடணும் லா.”

கப்பல் ஏறிய நாளில் இருந்த அறுபத்திரண்டைச் சொன்னேன். மறுநாள் பிரேக் பிடித்ததும் வண்டி முன்னைப் போலவே குனிந்து, என் மூக்கு மீட்டரில் இடித்தது. பயப்படாதே, மூக்கு நேராகத்தான் இருக்கிறது.

சிவசம்பு என்னைப் பக்கத்து அரிசிக்கடைத் தராசில் ஏற்றினான். எண்பத்தாறு!

“இருபத்துநாலு கிலோவ எங்கண்ணே ஒளிச்சு வெச்சீங்க?”

வேறு ஸ்பிரிங் போட்டதும் வண்டி நிமிர்ந்துவிட்டது. தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல், துணி வாங்குகிறவர்கள் கூப்பிட்ட வீட்டிலெல்லாம் உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்த சட்டையை நாலு அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்.

நீ நாலு வரி கூடுதலாக எழுதுவாய் என்றுதான் முந்தைய கடிதங்களில் இளைத்துவிட்டதாக எழுதினேன். அதை நம்பி நீ எனக்காக வியாழன்தோறும் நோன்பு வைப்பதாக உன் அண்ணன் எழுதியிருக்கிறார். தபால் எடுக்க வந்துவிட்டார்கள். இனி அந்த நோன்பை நான் வைக்கிறேன், நீ சாப்பிடு.

நஜ்முதீன்