உப்புப் பார்க்கிற மாதிரித்தான்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்பான மச்சான் ஹாதிக் அறிய உங்கள் மனைவி ஜெனூபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்தத் தீவில அல்லாஹ் உங்களை நோய்நொடி இல்லாம வச்சிருக்கோணும். இஞ்ச நாங்க இருக்கிறோம்.

போன் இருக்கக்குள்ள கடிதம் என்னத்துக்கு எண்டு நினைப்பீங்க. நான் அனுப்புற வொய்ஸை நீங்க அறையில ஸ்பீக்கரில போட்டுக் கேக்கிற ஆள். கூட இருக்கிறவங்க எல்லாம் எங்கட ஊர்ப் புள்ளைகள். இது அவங்க கேக்கிற கதை இல்ல. லீவில வந்த ஷரிபுதீன் காக்கா ஞாயிற்றுக்கிழமை மாலைதீவுக்குத் திரும்புறார். நீங்க கேட்ட கருவாட்டுப் பாசலுக்குள்ள வச்சு அவர்ட கையில குடுத்து விடுறேன். மணந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

உங்கட தங்கச்சி நஸீறாட சீதன வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்திட்டு. மாப்பிள்ளை வீட்டார் வந்து சுத்திப் பாத்திட்டுப் போனாங்க. வீட்டுச் சாவி கைக்கு வந்தாத்தான் கலியாணம் எண்டு நேரடியாச் சொல்லல்ல, ஆனா ஜன்னல் எப்ப வரும், ஓடு எப்ப வரும் எண்டு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. என்ட மகன் ஹோட்டலில சாப்பாட்டுப் பகுதியில பெரிய ஆள் எண்டு மாமி பெருமையாச் சொன்னா. நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கிட்டு உள்ளுக்குப் போயிட்டேன்.

உங்களை வைன் ஊத்துற பகுதிக்கு மாத்தினதும், ஏலாது எண்டால் ஊருக்குப் போ எண்டு சொன்னதும் நம்ம ரெண்டு பேருக்கும்தான் தெரியும். ஊத்திக் குடுக்கிறதும் பாவந்தான், வீடு முடியுமட்டும் அல்லாஹ் பொறுக்கோணும் எண்டு ரெண்டு பேரும் சேந்துதான் முடிவெடுத்தோம். அதுக்குப் பொறகு வந்திச்சே, அந்தக் கெபர்னே சோவினியோன் எண்ட சிவப்பு வைன். பேரைச் சொல்லவே என்ட நாக்குச் சுளுக்கிச்சு. அதைப் புழியிற திராட்சை முந்திரிகை சின்னப் பழம், நல்ல கறுப்பு, தோல் மொத்தம், சாரமெல்லாம் தோலிலதான் எண்டு மேலாளர் படிப்பிச்சதை எனக்குச் சொன்னீங்க. வாயில வச்சா நாக்கை இறுக்கிப் புடிக்குமாம், திறந்த உடனே ஊத்தப்படாதாம், கொஞ்சம் காத்துப்பட விடோணுமாம். குடிக்காத மனிசன் குடிக்கிறவனுக்கு இதை எப்பிடி விளங்கப்படுத்துறது எண்டு தலையில கை வச்சீங்க.

நான் விட்டேனா? நாவல்பழத்தைச் சப்பினா நாக்கு எப்பிடிக் கயர்க்கும், அதுதான் எண்டேன். கனக்கக் கொதிச்ச வெறுந்தேத்தண்ணியைச் சீனி போடாம வாயில வச்சிருந்து பாருங்க எண்டேன். கொழுப்போட மாட்டிறைச்சி ஆணம் சாப்பிட்ட வாயால அதே தேத்தண்ணியைக் குடிச்சா கயர் அடங்கிப் போகுது, அதுக்குத்தான் அவங்க இறைச்சியோட அதைக் கேக்கிறாங்க எண்டு அடுப்படியில நானே செஞ்சு பாத்துச் சொன்னேன். வைன் டீச்சர் எண்டு பகிடி பண்ணினீங்க. ஓம், எனக்கும் சந்தோசமாத்தான் இருந்திச்சு. கலியாணம் முடிச்ச காலத்திலிருந்து நாம அப்பிடி மணித்தியாலக் கணக்கில கதைச்சது அப்பதான்.

பொறகு, வாயில வச்சுப் பாத்தே ஆகோணும் எண்டு மேலாளர் ஒரே புடியா நிக்கிறார் எண்டீங்க. விழுங்கிற இல்ல, பாத்திரத்தில துப்புறதுதான் முறை எண்டீங்க. நோன்போட நீ கஞ்சிக்கு நுனிநாக்கில உப்புப் பாத்துத் துப்புறாய்தானே, நோன்பு முறியுதா, இதுவும் உப்புப் பாக்கிற மாதிரித்தான் எண்டு கேட்டீங்க. உப்பும் அதுவும் ஒண்டா எண்டு கேக்க வாய் வந்திச்சு. நீங்க களைச்சுப் போய்க் கதைச்ச நேரம், அதால கேக்கல்ல.

போன கிழமை நான் கேக்காமலே ஒரு வொய்ஸ் அனுப்பினீங்க. முதல்ல கறுத்த பழத்தின்ட வாசம், பொறகு மிளகு, பொறகு பழைய அலுமாரியைத் திறந்த மாதிரி மரவாசம் எண்டீங்க. தொண்டையால இறங்கின பொறகுதான் புள்ள அதின்ட அருமை, நெஞ்சில ஒரு சூடு வந்து கனநேரம் நிக்கும் எண்டீங்க. துப்புறவனுக்கு நெஞ்சில சூடு வராது, மச்சான்.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உங்கட குரலில அவ்வளவு சந்தோசம். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமக் கிடக்கு. பயந்து, அழுது சொல்லியிருந்தால் நல்லா ஏசியிருப்பேன், விசயம் அதோட முடிஞ்சிருக்கும். என்ட ஆணத்தைச் சாப்பிட்டிட்டு நல்லாயிருக்கு எண்டதுக்கு மேல ஒரு சொல்லுச் சொல்லாத மனிசன், அதுக்கு இவ்வளவு சொல்லுக் கண்டுபுடிச்சிட்டீங்க. பாதிச் சொல்லு நான் தந்தது.

நான் என்ன செய்ய? வந்திருங்க எண்டால் வீடு லிண்டலோட நிண்டிரும், குமர் நஸீறாவும் கலியாணமில்லாம வீட்டோட இருந்திரும். இருங்க எண்டு சொல்லவும் வாய் வருதில்ல. மாமிட்டச் சொன்னா அவட உசிர் போயிரும். என்ட உம்மாட்டச் சொன்னா கல்முனை வரைக்கும் கதை போயிரும். முன்னால போனாக் கடிக்குது, பின்னால வந்தா உதைக்குது. தொழுதிட்டு இருந்து அழுறதைத் தவிர எனக்கு ஒரு வழியும் தெரியல்ல.

மாமிட நெஞ்சு ஒப்பரேசனுக்கு மட்டக்களப்பில நாள் குடுத்திட்டாங்க. தை மாசம். சரியாப் பயந்து போய் இருக்கா. உங்களுக்கு ஒரேயொரு விசயம் எழுதச் சொன்னா. பயணத்தில இருக்கிறவன்ட துஆவை அல்லாஹ் தட்டமாட்டான், என்ட மகன் ஒவ்வொரு தொழுகையிலயும் எனக்காகக் கேக்கோணும், வேற ஒண்டும் வாணாம் எண்டு. ஓம் மாமி, எழுதுறேன் எண்டேன். எழுதிட்டேன்.

குடிச்சவன்ட தொழுகை நாப்பது நாளைக்கு ஏத்துக்கொள்ளப்படாது எண்டு பள்ளிப் பயானில சொன்னாங்க. இனித் தொடமாட்டேன் எண்டு தௌபாச் செஞ்சா மன்னிக்கிறவனும் அவன்தான் எண்டும் சொன்னாங்க. இதுக்கு நீங்க மறுமொழி எழுத வாணாம். நானும் இனி ஒண்டும் கேக்க மாட்டேன். ஒப்பரேசனுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. இந்தக் கடிதம் கிடைக்கிற அண்டைக்குத் தொடங்கினாலும் அந்த நாப்பதுக்கு நாள் காணும், மச்சான்.

உங்களுக்காகக் கையேந்திக் கொண்டிருக்கும்,
ஜெனூபா