செந்நட்சத்திரங்களுக்கு நடுவே பொன்னாத்தாவின் பதக்கம்

மாப்பிள்ளை,

இன்று காலை உங்கள் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையும், நாள்பட்ட நாடாத்துணியின் ஈர வாசனையும், காசை வெகுநேரம் கையில் பொத்தி வைத்திருந்தால் வருமே அந்த உலோக வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. மழைக்காலம் முடிந்ததும் பதக்கங்களை நிழலில் உலர்த்த வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். நீங்கள் போன பிறகு வருகிற முதல் மழைக்கால முடிவு இது. அதனால் என் தங்கை, அதாவது உங்கள் வீட்டம்மா, அந்தச் சட்டத்தை என் தலையில் கட்டிவிட்டாள். சோவியத் செஞ்சேனை முழுவதும் இப்போது சிங்காநல்லூரில், வடகம் காயவைக்கும் வெள்ளைத் துணியின் மேல் அணிவகுத்து நிற்கிறது. நான் தளபதி. எதிர்த்தரப்பில் ஒரு காக்கை.

பம்புசெட் மோட்டார் விற்க மாஸ்கோ போனவர் நீங்கள். கோயமுத்தூர்க்காரன் சந்திரனுக்குப் போனாலும் அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கமாட்டான். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் தேவைப்படும் என்றுதான் பார்ப்பான். அந்தக் குலப்பெருமையை நீங்கள் ஒருவரே கெடுத்தீர்கள். சோவியத் நாடு உடைந்து போயிருந்த நேரம். மோட்டார் ஒன்றும் விற்கவில்லை. தெருவோரச் சந்தையில் துணி விரித்துப் பரப்பியிருந்த பதக்கங்களைப் பார்த்துவிட்டு, ஒரு கம்பளிக் காலுறை நிறைய அவற்றை வாங்கி வந்தீர்கள். பிறகு மும்பை, டில்லி வியாபாரிகளிடமிருந்து வாங்கிச் சேர்த்து, நாணயக் கண்காட்சிகளில் மேசை போட்டு விற்கத் தொடங்கினீர்கள். மேசையைத் தூக்கவும், உங்களைக் கேலி செய்யவும் நான் கூடவே வந்தேன்.

முதன்முதலில் ஒரு செந்நட்சத்திரப் பதக்கத்தை நீங்கள் என் உள்ளங்கையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. உறைந்த ரத்தம் போன்ற சிவப்பில் ஐந்து முனை. நடுவில் நீளக் கோட்டுப் போட்ட சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு நிற்பான். பின்பக்கம் ஊக்கு இல்லை, மரை போட்ட தண்டு. சட்டையில் ஓட்டை போட்டுத் திருகி இறுக்க வேண்டும்.

"ஊக்குல குத்தறது அலங்காரமுங்க மச்சான். இது போல்ட்டு நட்டு போட்டு மாட்டறது. மாட்டிப்போட்டா மனுசனோட சேந்துது" என்றீர்கள். மோட்டார் மனிதரின் பார்வை அது. ஆனால் எனக்கு உள்ளங்கை சில்லென்றது.

அதற்காக நான் வாயை மூடிக்கொண்டேனா? வாடிக்கையாளர் யாராவது குனிந்தால், "இதைப் போட்டிருந்தவர் ஒற்றை ஆளாக நின்று நாற்பது டாங்கிகளைத் தும்மியே விரட்டியவர்" என்று தொடங்குவேன். "கொஞ்சம் கொறச்சுக்குங்க மச்சான்" என்பீர்கள். முப்பதாகக் குறைப்பேன்.

அப்படி ஒரு கண்காட்சிக்குத்தான் அந்தப் பெரியவர் வந்தார். அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபம். பக்கத்து மேசையில் நம் நாணயக்காரர் ராஜா காலத்துக் காசுகளைக் கொட்டி வைத்திருந்தார். வந்தவருக்கு வெள்ளைச் சட்டை, நெட்டையான உடம்பு, தோளில் ஜிப் பை. எழுபது தாண்டியவர், ஆனால் முதுகு மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க, மெடல் யாவாரம் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க, வாங்க. எல்லாம் ரஷ்யாதுங்க. பாருங்க."

"பாக்க வரலீங்க. குடுக்க வந்தேன். அந்தியூர்ல இருந்து வாரேனுங்க."

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். நம் ராணுவத்துப் பதக்கங்கள் இரண்டு. பெரியது வெள்ளி, சின்னது செப்பு நிறம். நாணயக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நம்மூரு மெடலுங்களா? மவுசு இல்லீங்கய்யா. வெள்ளிக்கடையில எடைக்கு எடுத்துக்குவாங்க."

பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நீங்கள்தான் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்: "பண முடைங்களா?"

"பென்சன் வருதுங்க. தோட்டத்துல வாழை இருக்குது. பணத்துக்கில்லீங்க. ஊட்டுல இது பீரோவுல துணிக்கடியில கெடக்குது. பையன் பெங்களூரு. யாரும் எடுத்துப் பாக்கறதில்லை. நான் போயிட்டா பழைய துணியோட போயிருமுங்க. நீங்க பஞ்சு மேல வெச்சிருக்கறீங்க, லைட்டுப் போட்டிருக்கறீங்க. நாலு பேரு குனிஞ்சு பாக்கறாங்க."

அவர் கை நீட்டி ஒரு செந்நட்சத்திரத்தை எடுத்தார். நடுவில் நிற்கும் சிப்பாயை வெகுநேரம் பார்த்தார்.

"இவரு இருக்கறாருங்களா?"

"யாருங்க?"

"இத வாங்குனவரு."

"தெரியலீங்க."

"அவரே வித்தாருங்களா, போனப்பறம் புள்ளைங்க வித்தாங்களா?"

அத்தனை வருட வியாபாரத்தில் உங்களிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஒரிஜினலா, வெள்ளியா, விலை குறையுமா. இதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. சந்தையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தவர்களின் முகம் எதையாவது நீங்கள் அப்போது நினைத்துக்கொண்டீர்களோ என்னவோ. கைக்குட்டையை மெதுவாக அவர் பக்கமே நகர்த்தினீர்கள்.

"உங்களுத நான் வாங்கமாட்டேனுங்க பெரியவரே. இது உங்ககிட்டயே இருக்கோணும்."

மனிதர் நெகிழ்ந்து போவார், உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் போட்ட சத்தத்தில் மண்டபத்து மின்விசிறிகள் நின்று மறுபடி சுற்றின.

"ரஷ்யாக்காரருது வேணும், என்னுது வேண்டாமுங்களா? அவரு உசுரு வெள்ளி, என்ற உசுரு தகரமா?"

"ஐயோ, அப்படி இல்லீங்க. சரிங்க, வாங்கிக்கறேன். ஆனா விக்கமாட்டேன். பத்தரமா வெச்சிருப்பேன்."

"வெச்சிருந்து? என்ற பீரோவுல இருந்து உங்க பொட்டிக்கு மாறுது. அதுக்கு எதுக்குங்க நான் பஸ்ஸு ஏறோணும்?"

மாப்பிள்ளை, நான் பெரிய பெரிய பேரங்களைப் பார்த்தவன். ஆனைமலைச் சந்தையில் யானையின் தும்பிக்கைக்குக்கூடத் தனியாக விலை பேசியவன். ஆனால் அந்த இடத்தில் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. வாங்கினாலும் தப்பு, மறுத்தாலும் தப்பு. நீங்கள் எழுந்தீர்கள். மேசை நடுவே இருந்த செந்நட்சத்திரங்களை இரண்டு பக்கமும் ஒதுக்கி இடம் செய்தீர்கள். அவருடைய வெள்ளிப் பதக்கத்தை அங்கே வைத்தீர்கள். பிறகு என்னை எழுப்பி, என் நாற்காலியை அவருக்குப் போட்டீர்கள்.

"நீங்களே உக்காந்து வித்துப்போடுங்க. கேக்கறவங்களுக்குப் பதிலு உங்களுக்குத்தானுங்க தெரியும்."

அவர் உட்கார்ந்தார். முதலில் வந்த கல்லூரிப் பையன்கள் ரஷ்யாவை விட்டுவிட்டு நடுவில் இருந்ததைத்தான் காட்டினார்கள். "இது என்னங்கய்யா?"

"மெடலு எனக்கில்லீங்க தம்பி, கழுதைக்கு. அதுக்குக் குத்தறதுக்குச் சட்டை இல்லீன்னு எனக்குக் குத்துனாங்க."

அவர்கள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னும் சிலர் வந்தார்கள். அவர் ராணுவத்தில் கோவேறு கழுதை ஓட்டியவர். பனிமலை உச்சியில் இருக்கும் காவல் முகாமுக்குச் சோறும் தோட்டாவும் கழுதை முதுகில்தான் போகுமாம். ஒரு தடவை பனிப்புயலில் பாதை மூடிவிட்டது. மேலே இருந்தவர்களுக்கு உணவு தீர்ந்துவிட்டது. இவர் ஒற்றைக் கழுதையோடு கிளம்பியிருக்கிறார்.

"பாதி வழியில நின்னுக்கிச்சுங்க. அடிச்சேன். கெஞ்சுனேன். காலெடுத்து வெக்கமாட்டீங்குது. நானும் உக்காந்து அழுதுபோட்டேனுங்க. அப்பறம் அதுவா திரும்பி வேற பக்கம் நடக்குது. கண்ணு தெரியலை, அதும்பட வாலப் புடிச்சுட்டே போனேன். மேல போயிச் சேந்து, விடிஞ்சு பாத்தா, நான் போகச் சொன்ன பக்கம் மலையே இல்லீங்க. சரிஞ்சு கீழ கெடக்குது."

நாணயக்காரர் கூடத் தன் மேசையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார். நான் வருடக்கணக்காகத் தும்மி விரட்டிய டாங்கிகள் எல்லாம் எனக்குள்ளே வரிசையாக வெட்கப்பட்டன. ஒருவரும் ஜோடிக்காத ஒரு கதை இவ்வளவு உயரம் நிற்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கூட்டத்தில் பொள்ளாச்சிப் பக்கத்துக் கால்நடை டாக்டரம்மா ஒருவர் இருந்தார். தபால்தலை வாங்க வந்தவர். அவர்தான் கேட்டார்: "அதுக்குப் பேரு வெச்சிருந்தீங்களா?"

பெரியவரின் முகம் அப்படி ஒரு மாதிரி மலர்ந்தது.

"பட்டாளத்துல அதுக்கு நம்பருதானுங்க அம்மணி. நான் பொன்னாத்தான்னு கூப்புடுவேன். என்ற ஆத்தா பேரு. ஆத்தாளும் அப்படித்தான், வேண்டாம்னு நின்னுட்டா நகரமாட்டா."

"இத எனக்குக் குடுங்க. என்ற ஆஸ்பத்திரியில கண்ணாடி போட்டு மாட்டறேன். மாடு கன்னோட வாரவங்க அல்லாருத்துக்கும் பொன்னாத்தா கதையச் சொல்லறேன்."

அவர் பஸ் ஏறி வந்தது இதற்குத்தான். கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அவர் உங்களைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லட்டுங்க?"

"உங்க சரக்குங்க. உங்க இஷ்டம்."

பதக்கத்தை எடுத்தார். சட்டை நுனியில் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். கைக்குட்டைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார்.

"கடை சாத்தியாச்சுங்க அம்மணி. பேரு கேட்டீங்க, அதே போதுமுங்க."

உச்சி வெயில்கூட ஆகவில்லை. டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை, கும்பிட்டார். பெரியவர் நம்மோடு ஒரு டீ குடித்துவிட்டு அந்தியூருக்குப் பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலம் காரில் வரும்போது கேட்டீர்கள்: "மச்சான், நம்ம பொட்டியில இருக்கறதுல எத்தனைய அவங்களே வித்திருப்பாங்க?" அதோடு நீங்கள் வியாபாரத்தை விட்டுவிடுவீர்கள் என்று நினைத்து, பிரிவுபசார உரைகூட மனதுக்குள் தயார் செய்தேன். அடுத்த கண்காட்சிக்கும் மேசை போட்டீர்கள். "விக்காம வெச்சிருந்தா அது பீரோதானுங்க மச்சான். வித்தாத்தான் ஒருத்தராச்சும் கேப்பாங்க" என்றீர்கள்.

ஆனால் என் டாங்கிகளுக்குத் தடை போட்டுவிட்டீர்கள். வாங்க வருகிறவர் விலை கேட்டால் முதலில் வேறொன்று சொல்வீர்கள். "இது யாருதுன்னு எனக்குத் தெரியாதுங்க. யாரோ ஒருத்தரு நெஞ்சுல இருந்துது. நல்லாப் பாத்துப்போட்டு அப்பறம் வெலை கேளுங்க." சிலர் பயந்து வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அப்படி நின்றவர்களுக்கு விலையை நீங்களே குறைத்தீர்கள்.

நீங்கள் போன அன்று, பெரியவரிடம் அப்போதே நம்பர் வாங்கி வைத்திருந்த நாணயக்காரர் அந்தியூருக்குப் போன் போட்டிருக்கிறார். பெரியவர் வந்தார். நெஞ்சில் இரண்டு பதக்கமும். "பட்டாளத்துல இருந்து ஊருக்கு வந்தப்பறம் இன்னைக்குத்தான் குத்தறேனுங்க" என்று வாசலில் என்னிடம் சொன்னார். உறவுக்கூட்டம் விலகி வழி விட்டது. உங்கள் காலடியில் வந்து நின்றார். குதிகால்கள் சேர்ந்தன. பட்டாளத்தின் பக்கமே போகாத, பள்ளிக்கூடத்தில் அணிவகுப்புக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட என் மாப்பிள்ளைக்கு ஒரு சிப்பாய் சல்யூட் அடித்தார்.

கை மேலே போனபோது அந்த இரண்டு பதக்கங்களும் ஒன்றோடொன்று உரசின. மெல்லிய சத்தம். அழுகைக்கும் சங்குக்கும் நடுவே அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எத்தனை வருடம் எத்தனை பதக்கங்களைத் தூக்கியிருப்பேன், துடைத்திருப்பேன், எண்ணியிருப்பேன். அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. பஞ்சின் மேல் கிடக்கிறவரை அதற்குக் குரல் இல்லை. மூச்சு விடுகிற ஒரு நெஞ்சு வேண்டும்.

அடுத்த மாதக் கண்காட்சிக்கு நான்தான் மேசை போடுகிறேன். யாராவது குனிந்து, இதில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். அந்தச் சத்தத்தைத்தான் சொல்லப் போகிறேன். எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.