பச்சை வாளி

ஸ்ரீராம்புரம்,
10 ஜூன் 2025, செவ்வாய்

அன்புள்ள ஷோபாவுக்கு,

கீழ் வீட்டிலிருந்து ஸ்வர்ணா எழுதுவது. மாடிப்படி ஏறி வந்தால் வாயாலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆஸ்பத்திரி வராண்டாவில் ஷில்பாவின் தலையில் கை வைத்து, "இனிமே உங்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டேன். பெற்ற பிள்ளையின் தலை. அதை மீற எனக்குத் தைரியம் கிடையாது. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் இப்படிக் கடிதம் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். கேட்டில் தொங்கும் உன் பால் பையில் போட்டிருக்கிறேன். என் பையில் பால் வந்துவிட்டது, உன் பை காலியாகத்தான் இருந்தது.

ஷில்பாவுக்கு வாந்தி நின்றுவிட்டது. நேற்றிலிருந்து கஞ்சி குடிக்கிறாள். "பச்சை ஓடின உருளைக்கிழங்கு, அதுவும் தோலோட, சின்னப் பிள்ளைக்கு யாரும்மா கொடுத்தது?" என்று டாக்டர் கேட்டார். அவளுடைய சித்திதான் என்று எப்படிச் சொல்ல?

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். வழக்கம்போல சனிக்கிழமை மத்தியானம் அவள் உன்னிடம் சாப்பிட வந்தாள். அவள் சாப்பிட்டாள், அவளுக்கு வாந்தி. உன் புருஷன் ரகு சாப்பிட்டான், அவனுக்கும் வயிறு போனது. சமைத்தவள் நீ. உனக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

அடுத்தது மாடி. கொத்தமல்லி வண்டி வாசலுக்கே வருகிறது. அப்படியிருந்தும் குப்பைக்குப் போக வேண்டிய வெங்காய அடியையும் கோஸ் கட்டையையும் நட்டு நட்டு மாடியைக் காடாக்கி வைத்திருக்கிறாய். யூடியூபில் பார்த்த பைத்தியம், தானாகத் தெளியும் என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன். என் பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகு சும்மா இருக்க முடியாது. பழைய சாமான் எடுக்கும் கணேசமூர்த்தியை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறேன். தொட்டி, மூட்டை, டப்பா எல்லாம் போகப்போகிறது. என் வீட்டுக்காரர், உன் மாமா, அவருக்கும் இதில் சம்மதம்.

இன்னொன்று. குப்பை ஆட்டோ வருவதற்குள், காய்கறிக் கழிவு போட்டு வாசலில் வைக்கிற என் பச்சை வாளியை ஏதோ பூனை கிளறுகிறது. காலையில் பார்த்தால் மூடி நகர்ந்தே கிடக்கிறது. உன் மாடிக் காட்டுக்கு வந்து பழகின பூனையாகத்தான் இருக்க வேண்டும்.

உன் அக்கா என்று போட இன்று மனம் வரவில்லை.
ஸ்வர்ணா


மாடி வீடு,
11 ஜூன், புதன்

அன்புள்ள அக்காவுக்கு ஷோபாவின் வணக்கம்.

நீங்கள் போடாவிட்டாலும் நான் அக்கா என்றுதான் போடுவேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில் முளைவிட்ட உருளைக்கிழங்கைக் கண் கண்ணாக வெட்டி சிமெண்ட் மூட்டையில் மண் போட்டுப் புதைத்தேன். போன மாத மழை மேல் மண்ணைக் கரைத்துவிட்டது. மேலாகக் கிடந்த கிழங்கில் வெயில் பட்டிருக்கிறது. பச்சையைப் பார்த்தேன் அக்கா. இளங்கிழங்கு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். தோலை எறிய மனமில்லாமல் மிளகாய்த்தூள் போட்டு வறுத்தேன். "சித்தி, சிப்ஸ் மாதிரியே கீது, இன்னும் போடு" என்றாள் ஷில்பா. போட்டேன். அவள் தட்டில் அள்ளிப் போட்ட கை இது என்று நினைத்தால் இப்போது சோறு பிசையவே கூசுகிறது. என்னை என்ன திட்டினாலும் தகும்.

ஆனால் அந்த வராண்டாவில் நீங்கள் சத்தியம் மட்டும் செய்யவில்லை. "உனக்குன்னு ஒண்ணு பொறந்திருந்தா தெரியும்" என்றும் சொன்னீர்கள். சத்தியத்தை நினைவு வைத்து எழுதிய நீங்கள் இதை விட்டுவிட்டீர்கள். ஷில்பா பிறந்து நீங்கள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் நான். எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை என்பதை அப்போது நீங்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மாடியை மட்டும் விட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கு மூட்டையை நானே கொட்டிவிட்டேன். மிச்சம் இருப்பது வெங்காயத் தாள், புதினா, இஞ்சி, பூண்டு, இன்னும் சில கீரைகள். எதுவும் யாரையும் ஒன்றும் செய்யாது. கேரட் தலையை நட்டால் தழைதான் வரும், கேரட் வராது என்று நீங்கள் சிரித்தது சரிதான், அதையும் கற்றுக்கொண்டேன். விளையாட்டுக்குச் செய்யவில்லை அக்கா. காய் வாங்கும் செலவு குறைகிறது.

பொங்கலுக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து காய் நறுக்கினோமே, நினைவிருக்கிறதா? உங்கள் அரிவாள்மனையில் பல் போன இடம் வெட்டின காயில் எல்லாம் ஒரு கோடு போட்டது. "இது அக்கா வூட்டுக் கையெழுத்து" என்று நான் கேலி செய்தேன், நீங்கள் அழுகிற மாதிரி சிரித்தீர்கள். அந்த அக்காவிடம்தான் கேட்கிறேன்.

ஷில்பாவுக்கு வாய் கசந்து கிடக்கும். டப்பாவில் கொஞ்சம் புதினாத் துவையல் வைத்திருக்கிறேன். காரம் போடவில்லை.

என்றும் உங்கள்,
ஷோபா


கீழ் வீடு,
12 ஜூன், வியாழன்

ஷோபாவுக்கு,

துவையலை வாளியில் கொட்டிவிட்டேன். டப்பா கழுவிப் படியில் இருக்கிறது.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். மழை, மண், வெயில், என் அரிவாள்மனை எல்லாம் வந்துவிட்டது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. தோல் வறுவல் என்றால் உனக்கு உயிர். அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் பாதியைத் தின்றுவிடுவாய், நான் பார்க்காததா? அன்றைக்கு மட்டும் ஏன் வாயில் வைக்கவில்லை? பச்சையைப் பார்த்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். பார்த்து, சந்தேகப்பட்டு, நீ மட்டும் ஒதுங்கிக்கொண்டாயா?

நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம் ராத்திரியெல்லாம் என்னைத் தூங்க விடுவதில்லை. அப்படி இல்லை என்றால், எப்படி என்று சொல். நம்புவதற்குத்தான் காத்திருக்கிறேன்.

செலவு குறைகிறது என்கிறாய். ரகுவுக்கு பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் வேலை. மாமனார் கட்டின வீடு, வாடகை கிடையாது. இருப்பது இரண்டே பேர். கோஸ் கட்டையை நட்டு மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? எங்களை உதறிவிட்டுத் தனியாகப் போவதற்கா? அப்படியென்றால் அதையும் நேராகச் சொல்லிவிடு.

ஆஸ்பத்திரியில் வந்த அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளை சுருண்டு கிடக்கும்போது வாய் நம் பேச்சைக் கேட்பதில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

இன்றைக்கும் உன் பையில் பால் இல்லை. உங்களுக்கு மட்டும் இவ்வளவு லேட்டாகவா போடுகிறான்? பால்காரனை ஒரு பிடி பிடித்தால்தான் சரிப்படும்.

ஸ்வர்ணா


மாடி வீடு,
13 ஜூன், வெள்ளி

அக்காவுக்கு,

துவையலைக் கொட்டியதை நீங்கள் எழுதியிருக்கவே வேண்டாம். வாளியில் பார்த்துவிட்டேன்.

நான் ஏன் சாப்பிடவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அது என்னோடு போகிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே டாக்டர் முன்னாலேயே கத்திச் சொல்லியிருப்பேன். அதில் இவரும் இருக்கிறார். "அண்ணன் காதுக்குப் போச்சுன்னா நான் இந்த வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன், என் மேல சத்தியம் பண்ணு" என்று என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். சத்தியம் உங்களுக்கு மட்டும் இல்லை அக்கா.

பச்சையைப் பார்த்து நான் ஒதுங்கவில்லை. இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. ஷில்பாவுக்கு நான் விஷம் வைப்பேனா என்று உங்களுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்படி நீங்கள் நினைத்ததைப் படித்த பிறகு எனக்கும் வரவில்லை.

கணேசமூர்த்தி வரட்டும். நான் எதையும் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்தால் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஞாயிறு காலையில் நாங்கள் கோயிலுக்குப் போய்விடுகிறோம், அதை நின்று பார்க்க என்னால் முடியாது. சாயங்கால ரயிலில் கோலார் தங்கவயலுக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறோம். திரும்பி வருவதா என்பதை அங்கே போய்த்தான் யோசிக்க வேண்டும். மாடிக் கதவுச் சாவி ஜன்னல் மேல் இருக்கும்.

ஷில்பாவிடம், சித்திக்கு அவள் மேல் கோபம் இல்லை என்று சொல்லுங்கள். சொல்லாமல் போனால் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஷோபா


கீழ் வீடு,
15 ஜூன், ஞாயிறு காலை

என் ஷோபாவுக்கு,

நீங்கள் கோயிலிலிருந்து திரும்புவதற்குள் எழுதி உன் கதவிடுக்கில் செருக வேண்டும். கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கணேசமூர்த்தியை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். "இன்னாம்மா, வரச் சொல்லிட்டு திருப்பி அனுப்பறீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

முழங்கால் வலிக்கிறது என்று துணி காயப்போடக்கூட நான் மாடிக்கு வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். இன்றைக்கு கணேசமூர்த்திக்கு முன்னால் நானே ஏறினேன், எதையும் விட்டு வைக்கக் கூடாது என்ற ஆத்திரத்தில். முதல் வரிசையில் தயிர் டப்பாக்களில் பீட்ரூட் தலைகள் சிவப்புத் தண்டோடு தழைத்து நின்றன. ரகு பீட்ரூட்டைக் கண்டாலே தட்டை நகர்த்துகிறவன். நீ இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதை வாங்கியதில்லை. ஷில்பாவுக்கு ரத்தம் ஊறட்டும் என்று வாங்குகிறவள் நான் ஒருத்திதான். ஒன்றைப் பிடுங்கி அடியைத் திருப்பிப் பார்த்தேன். வெட்டின இடத்தில் என் அரிவாள்மனையின் கோடு. அடுத்ததிலும் இருந்தது. கோஸ் கட்டையிலும் இருந்தது. அதற்கு மேல் பார்க்க முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வாளியைக் கிளறியது பூனை இல்லை.

உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. நான் கடிதம் போட வந்த எந்தக் காலையிலும் உன் பையில் பால் இருந்ததில்லை. பெரிய புத்திசாலி மாதிரி பால்காரனைக் குறை சொன்னேன். பால் லேட்டாக வரவில்லை, நீ பாலை நிறுத்தி எத்தனை மாதமோ ஆகிவிட்டது. வேலை போன பிறகு ரகு தினமும் காலையில் எங்கே போய்விட்டு வருகிறான் என்று நான் கேட்கப் போவதில்லை. மாமாவிடம் சொல்லவும் மாட்டேன். என்றைக்கு வாய் வருகிறதோ அன்றைக்கு ரகுவே அண்ணனிடம் சொல்லட்டும். நீ சத்தியத்தை மீறவில்லை, உன் பீட்ரூட்தான் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை நீ ஏன் சாப்பிடவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். இருந்தது இரண்டு பேருக்கு. சாப்பிட மூன்று பேர். என் பிள்ளை "இன்னும் போடு" என்றபோது நீ போட்டது உன் பங்கு. அதைப் போய் நான் என்ன கேட்டேன் பார். உன் சோற்றை என் பிள்ளைக்குப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தவளிடம், உனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டிருக்கிறேன். அந்தத் துவையலையும் வாளியில் கொட்டி, நீ காலையில் வந்து பார்க்கும்படி செய்திருக்கிறேன். எனக்கு அழுகை நிற்கவில்லை ஷோபா. ஷில்பா வந்து வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

உனக்கு ஒன்று பிறந்திருந்தால் என்று சொன்னேனே, அதற்கு எழுதி மன்னிப்புக் கேட்டால் பற்றாது. வாயால் சொன்னதற்கு வாயால்தான் கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் ஷில்பாவை நிற்க வைத்து, அவள் தலையைச் சுற்றித் தேங்காய் உடைத்து, சத்தியத்தை இறக்கிவைக்கிறேன். பூசாரிக்கு ஃபோன் செய்து கேட்டுவிட்டேன், ஆகும் என்றார். அதன்பிறகு என் முதல் பேச்சு உன்னிடம்தான். அதுவரை பொறுத்துக்கொள், ஏதாவது சொல்லி என்னைப் பேச வைத்துவிடாதே.

ரயிலுக்குப் போக வேண்டாம். மத்தியானம் கீழே வந்து சாப்பிடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு அது வேண்டாம் என்று தோன்றியது. பரிதாபப்பட்டுக் கூப்பிட்டால் ரகு படி இறங்க மாட்டான், நீயும் மாட்டாய். அதனால் நாங்கள் மேலே வருகிறோம். மாமாவுக்கு இன்று பஸ் டியூட்டி, நானும் ஷில்பாவும்தான். அரிசியும் பருப்பும் கொண்டுவருகிறேன். காய் உன் மாடியிலிருந்து. நீதான் சமைக்க வேண்டும். நான் பிடுங்கின பீட்ரூட்டைத் திரும்பவும் டப்பாவிலேயே வைத்துவிட்டேன், பிழைக்குமா என்று பார்த்துச் சொல்.

தட்டு நான்கு எடுத்து வை. ஷில்பாவுக்கு நீயே ஊட்டு. நான் உன் எதிரில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், நீ சாப்பிட்டு முடிக்கிறவரை உன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா,
ஸ்வர்ணா